கீழாநெல்லிக்கு ஒரு சாட்சி

பிப்ரவரி 4, திங்கள்

சிமெண்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஜனவரிப் பக்கங்கள் முழுக்கக் காலி. ஓய்வு பெற்ற உதவிப் பொறியாளன் வாழ்க்கையில் எழுதிவைக்க என்ன நடக்கிறது? இப்போது நடந்திருக்கிறது. நான் மஞ்சளாகிவிட்டேன்.

கண் மஞ்சள், நகம் மஞ்சள், கழற்றிப் போட்ட பனியனும் மஞ்சள். அரிப்பு அதைவிடக் கொடுமை. கை எட்டாத இடமாகப் பார்த்து முதுகில் அரிக்கிறது. ஊர் ஊராக மாற்றலாகி, தெருக்களுக்கு அடியில் சாக்கடைக் குழாய்க்குக் கோடு போட்ட என் மர ஸ்கேல், இப்போது முதுகு சொறிகிறது.

பாளையங்கோட்டையே என்னைப் பார்க்க வருகிறது. ஒரு கையில் சாத்துக்குடிப் பை, வாயில் அபிப்பிராயம். ஒவ்வொருவரும் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, “ஆமா, மஞ்சதான்” என்று சான்றிதழ் தருகிறார்கள். எண்ணெய் ஆகாது. தாளிதம் ஆகாது. அப்பளம் கண்ணால் பார்க்கவும் ஆகாது. காபி ஆகவே ஆகாது. காபியை நிறுத்தியது இன்னார் என்று தெரிந்தால் சண்டையாவது போடலாம். ஊர் கூடி நிறுத்திவிட்டது.

“உலகு, ஒரே ஒரு வாய்” என்று என் மனைவியிடம் கேட்டேன்.

“மஞ்சக்காமாலைக்காரவுக கேக்குத பேச்சா இது?” என்று உலகம்மாள் டிகாக்‌ஷன் பில்டரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

அவள் தம்பி குற்றாலிங்கம் விடிந்ததும் வந்துவிடுகிறான். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, ஆட்டுப்பாலில் கலக்கி, நான் குடித்து முடிக்கும்வரை டிக்கெட் வாங்காத பயணியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். காசு வாங்குவதில்லை. “அத்தான் சரியாகணும், அது போதும்” என்கிறான். நல்லவன்தான். நல்லவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம்.

பிப்ரவரி 7, வியாழன்

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. மகள் வடிவு கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். உலகம்மாளை ஆஸ்பத்திரி வாசல் கோயிலில் அர்ச்சனை செய்ய அனுப்பிவிட்டு டாக்டரிடம் போனோம். சின்ன வயசு டாக்டர், காலில் ஓட்டப்பந்தய ஷூ. ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆக்கிரமிப்பு.

ஈரலிலிருந்து பித்தநீர் இறங்கும் குழாயின் மேல், எவனோ வந்து வீடு கட்டிவிட்டான். தண்ணீர் போக வழியில்லை. திரும்பி ரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் மஞ்சள்.

“ஆக்கிரமிப்பை இடிச்சிரலாமே?” என்றேன்.

“முடியாது சார். பக்கத்துல போற பெரிய ரத்தக்குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்கு. ஆபரேஷனுக்கான கட்டம் தாண்டிட்டு. அடைப்புக்கு நடுவுல ஒரு குழாய் விட்டுப் பித்தத்தை வடிச்சு விடலாம். அரிப்பு போகும், மஞ்சள் இறங்கும், பசிக்கும்.”

“ஆக்கிரமிப்பு?”

“அது இருக்கும் சார்.”

இதைத்தான் நானும் உத்தியோகத்தில் செய்தேன். ஆள் செல்வாக்கானவன் என்றால் கட்டிடத்தில் கை வைக்க முடியாது. அதன் அடியில் ஒரு குழாயைச் செருகித் தண்ணீரை ஓடவிட்டு, வேலை முடிந்தது என்று எழுதிவிடுவோம். இப்போது என் வயிற்றுக்குள்ளேயே ஒரு செல்வாக்கான ஆள்.

வராந்தாவில் வடிவு அழுதாள். “உங்கம்மாகிட்ட அடைப்புன்னு மட்டும் சொல்லு. பொய்யில்லையே” என்றேன். உலகம்மாள் அர்ச்சனைத் தட்டோடு வந்து, “என்ன சொல்லுதாங்க?” என்றாள். “சின்ன அடைப்பு” என்றேன். “நாந்தான் சொன்னேன்லா” என்று குங்குமம் வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 12, செவ்வாய்

விலாவில் துளை போட்டு, ஈரலுக்குள் மெல்லிய குழாய் விட்டு, வெளியே ஒரு பை தொங்கவிட்டிருக்கிறார்கள். பச்சை கலந்த மஞ்சளாக நீர் இறங்குகிறது. நீர் ஓட வாட்டம் நன்றாகக் கொடுத்திருக்கிறார்கள், ஒழுக்கு இல்லை. தொழில்காரன் என்ற முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உலகம்மாள் பழைய ரவிக்கைத் துணியில் சுருக்குப்பை தைத்து, பையை அதற்குள் போட்டு, வேட்டிக்குள் தொங்கவிட்டிருக்கிறாள். ஜரிகைக் கரை வேறு. “நாலு பேரு வருத எடம்” என்கிறாள்.

குற்றாலிங்கம் பை நிரம்பியிருப்பதைப் பார்த்துப் பரவசமாகிவிட்டான். “அக்கா, இங்க வந்து பாரு! கீழாநெல்லி பித்தத்த எப்படி வெளிய தள்ளுது!”

வடிவு வாயைத் திறந்தாள். நான் கண் காட்டினேன். மூடிக்கொண்டாள்.

பிப்ரவரி 20, புதன்

இருபத்தொன்றில் இருந்த பிலிரூபின், அதாவது ரத்தத்தில் ஏறிய மஞ்சளின் அளவு, பதிமூன்றுக்கு இறங்கிவிட்டது. இந்த வார்த்தை தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். “எப்படி இருக்கீங்க” என்று ஒருவரும் கேட்பதில்லை. “எவ்வளவு?” என்கிறார்கள். பால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போகிறார், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல.

மார்ச் 3, ஞாயிறு

இன்று சொறியவில்லை. ஸ்கேலை மேசை டிராயரில் திரும்ப வைத்தேன்.

மார்ச் 11, திங்கள்

வெளிக்குழாயை எடுத்துவிட்டு, உள்ளேயே கம்பி வலையில் செய்த குழாய் வைத்துவிட்டார்கள். ஸ்டென்ட். பிளாஸ்டிக்கும் உண்டாம், சீக்கிரம் அடைத்துக்கொள்ளுமாம். நானும் எந்த ஊரிலும் பிளாஸ்டிக்குக்குச் சம்மதித்ததில்லை.

“இதுக்கு எவ்வளவு நாள் ஆயுள் டாக்டர்?” என்று கேட்டேன். வாங்குகிற எந்தப் பொருளுக்கும் கேட்கிற கேள்விதானே.

கொஞ்சம் யோசித்தார். “உங்களுக்குப் போதும் சார்.”

நல்ல பதில். சுருக்கமான பதில். ஊர் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கோவில்பட்டியில் வடிவு கடலைமிட்டாய் வாங்கினாள்.

மஞ்சள் இறங்கிவிட்டதால் ஊசி மருந்து சிகிச்சையும் ஆரம்பிக்கலாமாம். சில மாதம் கூடலாம், கூடாமலும் போகலாம். முடி கொட்டும். முடி கொட்டினால் உலகம்மாள் கேட்பாள். சித்திரை பிறக்கட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மார்ச் 19, செவ்வாய்

மஞ்சள் போய்விட்டது. நலம் விசாரிக்க வந்தவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது. பஸ் பிடித்து வந்தவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. சாத்துக்குடி வரத்தும் குறைந்துவிட்டது.

உலகம்மாள் அடுக்களையில் பாடுகிறாள். கல்யாணமான புதிதில் பாடினாள். நடுவில் எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை. இந்தப் பாட்டுக்காக இன்னும் எத்தனை அண்டா கீழாநெல்லி வேண்டுமானாலும் குடிக்கலாம்.

“எல்லாம் எந் தம்பி கைராசி” என்றாள்.

வடிவுக்குப் பொறுக்கவில்லை. “மாமா, குழாய் வச்சதுனாலதான் மஞ்சள் இறங்கிச்சு” என்றாள்.

“குழாய் ரோடு மாதிரி தாயி. ரோடு போட்டாப் போதுமா? வண்டி வேண்டாமா?” என்றான் குற்றாலிங்கம். வடிவு பௌதிகம் கற்பிப்பவள். எழுந்து கொடியில் துணி எடுக்கப் போய்விட்டாள்.

சந்தோஷமாக இருக்கும் நேரம் பார்த்துக் காபி கேட்டேன். ஒரு மண்டலம் பத்தியம் இருந்தால்தான் வந்த நோய் திரும்பாதாம். ஒரு மண்டலம் ஆகிவிட்டதே என்றேன். அப்படியானால் இரண்டு மண்டலமாம்.

சட்டை எல்லாம் தொளதொளவென்று இருக்கிறது. துவைப்பதில் இழுத்துவிடுகிறார் போல, சலவைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

என் வீடு காட்சிசாலையாகிவிட்டது. குற்றாலிங்கம் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிவருகிறான். “உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு” என்று நெருக்கி நிறுத்தி, என் இமையை இழுத்துக் காட்டுகிறான். “பாருங்க. இருபத்தொண்ணுல இருந்த மனுசன்.” வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். ஒரு அம்மாள் என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நோட்டீசும் அடித்துவிட்டான். ‘மருந்துக்கு முன் – மருந்துக்குப் பின்’ என்று என் இரண்டு படங்கள். நான் மஞ்சளாக இருந்தபோது யாரும் படம் எடுக்கவில்லை. ஆகவே என் பணிநிறைவு விழாப் படத்துக்கு அச்சகத்தில் மஞ்சள் பூசிவிட்டார்கள். கழுத்து மாலைக்கும் சேர்த்துப் பூசியிருக்கிறார்கள்.

இதில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், ‘பின்’ படத்தில் நான் நன்றாகவே இருந்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஞானதாசன் வந்தான். பக்கத்து வீடு, டிரில் மாஸ்டராக இருந்தவன், என்னோடு நடைப்பயிற்சிக்கு வருகிறவன். பத்து நாளாகக் காணவில்லை. வந்து நின்றவனைப் பார்த்தேன். மஞ்சள்.

“என்னவே இது?”

“உமக்கு வந்ததுதான்வே எனக்கும். விலாவுக்குக் கீழ குத்துது. சாயங்காலமானா நடுக்கிக் காய்ச்சல் வருது.”

“டாக்டரைப் பாத்தீரா?”

“பாத்தேன். பித்தக்குழாயில கல்லாம். வாய் வழியாக் குழாய் விட்டு எடுத்துரலாம், உடனே வாங்கன்னாரு. வாய் வழியாக் குழாயா? இட்லியே எனக்கு மெள்ளத்தான் எறங்கும். உம்ம மச்சான்கிட்ட கீழாநெல்லி ஆரம்பிச்சிட்டேன்.”

எடுக்கக்கூடிய அடைப்பு! வெறும் கல்! என் உடம்பில் இருப்பவனை யாராலும் அசைக்க முடியவில்லை. இவனுக்கு இருப்பது தெருவில் கிடக்கும் செங்கல் மாதிரி, எடுத்துப் போட்டால் தண்ணீர் ஓடும். எடுக்காமல் விட்டால் அழுக்குநீர் தேங்கி விஷமாகும். காய்ச்சல் அதற்குத்தான்.

“என் மஞ்சள் இறங்கினது மதுரையில வச்ச குழாயாலவே. கீழாநெல்லியால இல்ல.”

“அப்படியா? அப்ப எதுக்கு இன்னும் தினமும் அதைக் குடிக்கீரு?”

பெண்டாட்டி பாடுவதற்காக என்று எப்படிச் சொல்வது?

“எங்க சபையில ஜெபத்தால சுகமாச்சுன்னு சாட்சி சொல்லுவாங்க. அதுல பாதிய நான் நம்புததில்ல” என்றான். “ஆனா உம்ம நான் எங் கண்ணால பாத்தேன்வே. நீருதான் சாட்சி.”

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அந்த நேரம் உலகம்மாள் அவனுக்கும் சேர்த்து மோர் கொண்டு வந்தாள். “பயப்படாதீங்க சார்வாள், எந் தம்பி இருக்கான்” என்றாள்.

மோரைக் குடித்தேன். தனியாகச் சொன்னாலும் அவன் வாயில் எதுவும் தங்காது. அவன் மனைவி ஜெபமணிக்குப் போய், மதில்சுவர் தாண்டி, அரைமணி நேரத்தில் உலகம்மாளிடம் வந்துவிடும்.

ஏப்ரல் 12, வெள்ளி

மதிலுக்கு அந்தப் பக்கம் ஞானதாசன் நடுங்கும் சத்தம் கேட்கிறது. கட்டில் கால் தரையில் அடிக்கிறது. ஜெபமணி ஜெபம் பண்ணுகிறாள். குற்றாலிங்கம் மருந்தை வேளைக்கு இரண்டு டம்ளராக்கிவிட்டான்.

வடிவும் போய்ச் சொல்லிப் பார்த்தாள். “உங்கப்பாவைப் பாத்துதானம்மா தைரியமா இருக்கேன்” என்றானாம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. எனக்குப் பாராட்டு விழா. குணமானதற்கு!

ஓய்வு பெற்றோர் சங்கக் கட்டிடம், சாமியானா, மைக். பின்னால் பேனரில் ‘காமாலையை வென்ற மாமனிதர் பொறியாளர் ஆவுடையப்பன்’. பொன்னாடை போர்த்தினார்கள். அதுவும் மஞ்சள். முன்வரிசையில் உலகம்மாள் பட்டுப்புடவையில், மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு. மூன்றாவது வரிசையில் ஞானதாசன். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தான். பற்கள் அடித்துக்கொள்வது மேடைவரை தெரிந்தது. அருகில் ஜெபமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மருத்துவத்துக்கு வெளியே உள்ள எல்லாத் துறையினரும் மருத்துவம் பற்றிப் பேசினார்கள். ஒரு வக்கீல், ஒரு ஜவுளிக்கடை அதிபர், ஒரு கவிஞர். கவிஞர் குற்றாலிங்கத்தைச் சஞ்சீவி மலையைத் தூக்கி வந்தவரோடு ஒப்பிட்டார். கடைசியில் குற்றாலிங்கம், “அத்தான் ரெண்டு வார்த்த பேசுவாக” என்றான்.

மைக்கைப் பிடித்தேன். உலகம்மாளைப் பார்த்தேன். சிரித்தாள். அப்படியே திரும்பி ஞானதாசனைப் பார்த்துக்கொண்டு பேசினேன். அவளைப் பார்த்திருந்தால் பேசியிருக்கமாட்டேன்.

“நான் குணமாகல. எனக்கு இருக்கது கேன்சர். பித்தக்குழாயில. வெட்டி எடுக்க முடியாதுன்னு பிப்ரவரியிலயே சொல்லிட்டாங்க. மதுரையில ஒரு கம்பிக்குழாய் வச்சு வடிச்சு விட்டாங்க. அதனால மஞ்சள் இறங்கிச்சு. மஞ்சள் மட்டுந்தான் இறங்கிச்சு. கீழாநெல்லி எம் பொண்டாட்டி மனசு குளுரட்டும்னு குடிச்சேன். ஞானதாசன், உமக்கு இருக்கது கல்லு. எடுக்கக்கூடிய கல்லு! எனக்கு அது கிடைக்கல. நீரு அதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு இங்க உக்காந்து எனக்குக் கை தட்டுதீரு. எந்திரும்வே. ஆஸ்பத்திரிக்குப் போம்.”

பின்வரிசையில் ஒருவர், மைக் கரகரப்பில் ஒன்றும் கேட்காதவர், பேச்சு முடிந்தது என்று நினைத்துக் கை தட்டினார். ஒருவர் தட்டினால் எல்லோரும் தட்ட வேண்டுமே. தட்டினார்கள்.

குற்றாலிங்கம் என் கையிலிருந்து மைக்கை வாங்கினான். “அத்தான்…” என்றான். கண் கலங்கிவிட்டது. பிறகு முப்பது வருடம் கண்டக்டராக இருந்த வாய் தானாகவே வேலை செய்ய ஆரம்பித்தது. “கேட்டியளா? கேன்சராம்! அந்தக் கேன்சரையே ஒரு ஓரமா நிறுத்தி வச்சிருக்கு பாத்தியளா, நம்ம கீழாநெல்லி!”

இந்த முறை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே ஜெபமணி ஸ்வெட்டர் கையைப் பிடித்து ஞானதாசனை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். டிரில் மாஸ்டரை இன்னொருவர் நடத்திப்போவதை முதல்முறையாகப் பார்த்தேன். வடிவு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

உலகம்மாள் கை தட்டவில்லை. முந்தானை நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

ஏப்ரல் 15, திங்கள்

வீட்டில் பாட்டு இல்லை. காலையில் குற்றாலிங்கம் டம்ளரோடு வந்தான். உலகம்மாள் கேட்டிலேயே வாங்கி, செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு, டம்ளரைக் கழுவி அவன் கையில் கொடுத்தாள். அவன் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டுப் போனான்.

மத்தியானம் கேன்சருக்கு மருந்து கேட்டு ஆறு பேர் வந்தார்கள்.

ஏப்ரல் 20, சனி

ஞானதாசன் வந்தான். மஞ்சள் பாதி போய்விட்டது. கையில் ஒரு சின்னப் பாட்டில், அதற்குள் பயறு அளவில் கருப்பாக ஒரு கல். தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தான்.

“இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரத்தத்துல விஷம் ஏறியிருக்கும்னாருவே டாக்டரு.” பேசிக்கொண்டே வந்தவன் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய மீசை வைத்தவன் அழுதால் பார்க்க நன்றாக இல்லை.

அவன் போன பிறகும் அந்தக் கல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டிலில் போட்டு ஆட்டினால் சத்தம் வருகிறது. கொடுத்துவைத்தவன். பொறாமையாகத்தான் இருக்கிறது, ஒளிக்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் எனக்கும் லேசாகக் குளிர்ந்தது. மின்விசிறியைக் குறைத்துவைத்தேன்.

ஏப்ரல் 24, புதன்

கண்ணாடியில் கண் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. டியூப்லைட் வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன். ஸ்கேலையும் டிராயரிலிருந்து எடுத்து வைத்தேன்.

டாக்டருக்கு வடிவு போன் செய்தாள். குழாய் அடைத்திருக்கும், உள்ளே இன்னொரு குழாய் விட்டு வடித்துவிடலாம், உடனே வாருங்கள் என்றாராம். பராமரிப்புப் பணி இல்லாத குழாய் எது? பத்து மணிக்குக் கார்.

திரும்பினால் உலகம்மாள் நிற்கிறாள். என்னைப் பார்த்தாள். இமையை இழுத்தெல்லாம் பார்க்கவில்லை. உள்ளே போனாள். பில்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மணம் வந்தது. பித்தளை டம்ளரில், நுரை ததும்ப, காபி. தட்டில் இரண்டு உளுந்தவடை, எண்ணெய் மினுங்க.

“பத்தியம்?” என்றேன்.

எதிரில் உட்கார்ந்தாள்.

“பிப்ரவரியிலயே தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா.”

“நீ தாங்கமாட்டேன்னு…”

“என்னத்தத் தாங்கமாட்டேன்?” என்றாள். “நாளுக்கு ஒரு தரம் கேட்டியளே, ஒரு வாய்தான் உலகு, ஒரு வாய்தான் உலகுன்னு. இத்தன நாளும் ஒரு வாய் காபி தராம இருந்துட்டேனே, பாவி. சொல்லியிருந்தா வேளைக்கு வேளை போட்டுத் தந்திருப்பேன்லா.”

இரண்டு பேரும் அழுதோம். அவளை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறேன். நேரத்தில் சொல்லியிருந்தால் எத்தனை காலைகள் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்கலாம்.

அழுது முடிப்பதற்குள் காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. “குடிக்காதிய” என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் புதிதாகப் போட்டு வந்தாள். எனக்கொன்று, அவளுக்கொன்று.

டிகாக்‌ஷன் கொஞ்சம் தூக்கல். கார் வந்து ஹார்ன் அடித்தது. வடிவு வாசலிலிருந்து கூப்பிட்டாள். இருக்கச் சொல்லு, இன்னொரு டம்ளர் குடித்துவிட்டு வருகிறோம் என்றேன்.